நாளுக்கு ஒரு வரி

பிப்ரவரி 6

தங்கைக்கு,

குறைகளை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன். நலம் விசாரிப்பு பின்னால் வரும்.

1. டிசம்பர் 5: நவம்பர் மாதத் தாள் கிடைத்தது. இருபத்திரண்டாம் தேதி வரை அக்காவின் கை. அதன்பின் உள்ள எட்டு வரிகள் ஐயத்துக்குரியவை.

2. ஜனவரி 4: டிசம்பர் மாதத் தாள் கிடைத்தது. முப்பத்தொரு வரிகளில் பத்தொன்பது அவள் எழுதியவை அல்ல.

3. ஜனவரி 11: தொலைபேசியில் இதுபற்றிக் கேட்டேன். "கை நடுங்குதுண்ணா, வயசாகுதுல்ல" என்றாய். வேனுக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டாய்.

4. பிப்ரவரி 5: ஜனவரி மாதத் தாள் கிடைத்தது. ஒரு வரிகூட அவளுடையதல்ல.

இந்த ஏற்பாடு எதற்காக வந்தது என்பதை நீ மறந்திருக்கலாம். இரண்டாண்டுகளுக்கு முன் அக்கா மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது குடல் மருத்துவர் நம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்: கல்லீரல் சுருங்கியவர்களுக்குக் குடலில் தங்கும் கழிவின் நஞ்சு இரத்தத்தில் ஏறி மூளையை மங்கச் செய்யும். பாகு மருந்தைத் தவறாமல் குடித்து, நாளுக்கு மூன்று முறை வயிறு கழிந்தால் அறிவு தெளிந்திருக்கும். ஒரு நாள் அடைத்தால் மறுநாள் பேச்சு குழறும். அந்த மங்கலை முதலில் காட்டுவது கையெழுத்து. ஆகவே தினமும் காலையில் மனதில் தோன்றும் ஒரு வரியை அவள் நோட்டில் எழுத வேண்டும். மாதம் முடிந்ததும் அந்தத் தாளை எனக்கு அனுப்பச் சொன்னது நான். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, மருத்துவர் பார்க்கும் நாளுக்கு முன்பாக, அவற்றைத் திருப்பி அனுப்பி, அவர் பார்த்தபின் மறுபடி பெற்றும் வந்தேன். தொலைவில் இருப்பவனுக்கு அவள் கவனிக்கப்படுகிறாள் என்பதற்கு வேறு சான்று இல்லை.

நான் இருபத்தைந்து ஆண்டுகளாக எழுத்து ஒப்பாய்வு செய்பவன். என் சொல்லை வைத்து நீதிமன்றங்கள் தீர்ப்பளித்திருக்கின்றன. நோயால் வரும் நடுக்கம் வேறு, பொய்யால் வரும் நடுக்கம் வேறு. இரண்டையும் நான் குழப்பிக்கொள்வதில்லை. பள்ளி வேன் ஓட்டுபவளுக்கு அக்காவின் பக்கத்தில் பத்து நிமிடம் உட்கார நேரமில்லை. ஆகவே அவளுடைய வரியை நீயே எழுதி முடித்துவிடுகிறாய். இதுவே என் முடிவு.

அக்காவின் உடல்நலத்தையும் உன் உடல்நலத்தையும் விசாரித்ததாகக் கொள்க. பிப்ரவரி 20-க்குள் எழுத்தில் பதில் தேவை. இனித் தொலைபேசி வேண்டாம். அதில் சொன்ன சொல்லுக்கு ஆதாரம் கிடையாது.

அண்ணன்

பிப்ரவரி 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே இருவரும் இருக்கிறோம். நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பெரியக்காதான் எழுதுகிறாள். காலை முதல் நடை முடித்து, பிள்ளைகளை இறக்கிவிட்டு, நான் வீட்டுக்கு வர ஒன்பதே முக்கால் ஆகும். வந்ததும் நோட்டையும் பேனாவையும் எடுத்துக் கொடுப்பேன். பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆனால் என்ன எழுதுகிறாள் என்று பார்க்க விடமாட்டாள். இடது கையால் மறைத்துக்கொள்வாள். "தம்பிக்கு எழுதுறது உனக்கு எதுக்குடி?" என்பாள். மாதம் முடிந்ததும் தாளையும் அவளே கிழித்து உறையிலிட்டு ஒட்டித் தருவாள்; அவள் எழுதியதை நானும் படிப்பதில்லை. முன்பெல்லாம் ஒரு நிமிடத்தில் எழுதி முடிப்பாள். இப்போது இருபது நிமிடம் ஆகிறது.

முன்பு குளியலறைக்குள்ளிருந்து ரயில் நிலையத்துக் குரலில் அறிவிப்புக் கொடுப்பாள். "பயணிகள் கவனத்திற்கு! எட்டு மணி வண்டி ஒரு மணி நேரம் தாமதமாக இரண்டாம் நடைமேடைக்கு வந்துகொண்டிருக்கிறது!" பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கைதட்டுவார். முப்பத்தொரு வருடம் ஒலிபெருக்கியில் பேசிய வாய் அல்லவா? இப்போது அறிவிப்பதில்லை. கேட்டால், "வண்டியெல்லாம் நேரத்துக்குப் போகுது, அறிவிப்பு எதுக்கு?" என்கிறாள்.

அக்டோபரில் உங்கள் வீட்டிலிருந்து திரும்பிய நாள் முதலே கொஞ்சம்...

அது இருக்கட்டும்.

உங்கள் கடிதம் வந்ததைப் பார்த்துவிட்டாள்.

"பூதக்கண்ணாடி என்ன எழுதியிருக்கான்?"

"சுகமான்னு கேட்டிருக்கார்."

"எனக்குத் தனியா ஒண்ணும் எழுதலையா?"

"இல்லக்கா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை

பிப்ரவரி 25

தங்கைக்கு,

உன் பதில் கெடு முடிந்து இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது. குறித்துக்கொண்டேன். நாங்கள் நலம்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது வேறு. ரயில் நிலைய அறிவிப்பு எதற்கும் சான்றாகாது. எழுத்துச் சான்றை விளக்குகிறேன்.

தன் சொந்தக் கையெழுத்தில் எழுதுபவர் யோசிப்பதில்லை. கை தானே ஓடும். பிறர் கையெழுத்தை வரைபவர்தான் நின்று நின்று, அடுத்த எழுத்து எப்படி இருக்கும் என்று எண்ணி எண்ணி எழுதுவார். ஜனவரித் தாளில் ஒரே சொல்லுக்குள் மூன்று முறை பேனா தூக்கப்பட்டிருக்கிறது. தூக்கிய இடத்தில் மை திரண்டு நிற்கிறது. சுழிகள் பாதியில் தயங்கி, மறுபடி தொடங்குகின்றன. இவை போலியின் பாடநூல் அடையாளங்கள். ஒப்பீட்டு மாதிரியும் என் கைவசம் உள்ளது. என் பணி வெள்ளிவிழா விருந்துக்கு அக்டோபர் 18 அன்று நீங்கள் வந்திருந்தபோது, விருந்தினர் ஏட்டில் அவள் எழுதிய வரி. அன்று அவள் கையில் ஒரு தயக்கமும் இல்லை. மூன்று மாதத்தில் ஒருவருடைய கை இவ்வளவு மாறாது.

அந்த விருந்தைப் பற்றி உன் கடிதத்தில் ஏதோ சொல்லத் தொடங்கி நிறுத்தியிருக்கிறாய். அன்று வரவேற்பறையில் நடந்ததை நான் வேண்டுமென்றே இதுவரை எடுக்கவில்லை. அவள் நோயாளி. சோபா ஒரு பொருள். உன் அண்ணி அதைப் பார்த்துக்கொண்டாள். அதை இந்த விவகாரத்துக்குள் நீயும் இழுக்காதே.

இனிச் செய்ய வேண்டியவை: நோட்டை முழுதாக, மூலமாகவே, எனக்கு அனுப்பு. நகல் பயன்படாது. என் அறிக்கை முடியும்வரை புதிய வரி எதையும் எழுதவோ எழுதவைக்கவோ கூடாது. ஆய்விலுள்ள ஆவணத்தோடு புதியது எதுவும் சேரக்கூடாது என்பது எங்கள் துறையின் முதல் விதி. மார்ச் 8-க்குள் நோட்டு என் மேசையில் இருக்க வேண்டும்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

நோட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். மார்ச் 12-ஆம் தேதி குடல் மருத்துவரிடம் போக வேண்டும். அவர் நான்கு மாதத்து வரிகளையும் வரிசையாகப் புரட்டிப் பார்ப்பார் என்பது உங்களுக்குத் தெரியும். எப்போதும் அதற்கு முன் அனுப்பிவிடுவீர்கள். இந்த முறையும், உங்களிடம் உள்ள தாள்களையும் சேர்த்து, தயவுசெய்து அனுப்பிவிடுங்கள்.

நோட்டைக் கட்டும்போது பெரியக்கா பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க கொண்டுபோற?"

"அண்ணன் கேட்டிருக்கார்."

முகம் மலர்ந்துவிட்டது. "முழுசா கேட்டானா? படிக்கணும்னு கேட்டானா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் பகலில் தூங்குகிறாள், இரவில் விழித்திருக்கிறாள். முந்தாநாள் தேநீரில் உப்பைப் போட்டுவிட்டு, "சர்க்கரைக்கு என்ன ஆச்சு, இனிப்பே இல்ல?" என்றாள். இருவரும் சிரித்தோம். நேற்று என்னைப் பார்த்து, "அடுத்த வண்டி எதும்மா?" என்று கேட்டாள். யாரோ பயணியிடம் பேசுவதைப் போல, மரியாதையாக. அப்போது சிரிக்கவில்லை.

காலையில் பேனா எங்கே என்று தேடினாள். அண்ணன் கொஞ்ச நாள் எழுத வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். "சரி, படிச்சு முடிக்கட்டும்" என்று கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

நீங்கள் சுகமாக இருங்கள்.

தங்கை

மார்ச் 19

தங்கைக்கு,

நோட்டு 7-ஆம் தேதி வந்தது. ஆய்வு முடியாததால் 12-க்குள் திருப்பி அனுப்ப இயலவில்லை. ஆய்விலிருக்கும் மூலத்தை இடையில் வெளியே விடும் வழக்கம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் இல்லை. வீட்டு விவகாரம் என்பதற்காக அதை நான் தளர்த்தப்போவதில்லை.

ஒவ்வொரு எழுத்தையும் பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கிறேன். தினமும் அலுவலகம் முடிந்தபின் இரண்டு மணி நேரம். இதுவரை கண்டவை: டிசம்பர் 8-ஆம் வரியில் 'க'வுக்கும் 'றை'க்கும் நடுவே காரணமில்லாத இடைவெளி. டிசம்பர் 27-இல் 'ம்பி' கோட்டுக்குக் கீழே சரிகிறது. ஜனவரி 14-இல் ஒரே எழுத்து இருமுறை எழுதப்பட்டு, முதலாவது அடிக்கப்பட்டிருக்கிறது. பிப்ரவரி 20-க்குப் பின் வரிகள் இரண்டு சொல், ஒரு சொல் என்று சுருங்குகின்றன. போலி எழுதுபவர் களைத்துப்போனால் இப்படித்தான் சுருக்குவார்.

பேனா அழுத்தம் மட்டும் அக்காவுடையதை ஒத்திருக்கிறது. அதற்கு ஒரு விளக்கம் தேட வேண்டியிருக்கிறது. தேடிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே வெயில் கூடிவிட்டது. நாங்கள் நலம். அங்கும் அவ்வாறே என எண்ணுகிறேன்.

அண்ணன்

மார்ச் 27

அண்ணாவுக்கு,

12-ஆம் தேதி போய்வந்தோம். பெரியக்கா அன்று நல்லபடியாக இருந்தாள். சில நாள் அப்படி அமைகிறது. துவைத்து மடித்த உடையைத் தானே எடுத்துப் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நோட்டு எங்கம்மா?" என்றார் மருத்துவர்.

"அண்ணன்கிட்ட இருக்கு."

"அவரும் டாக்டரா?"

"இல்லீங்க. கையெழுத்துப் பாக்குறவர்."

"நானும் அதைத்தானே பாக்குறேன்?" என்றார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். பெரியக்காவிடம் திரும்பினார். "ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகுது?"

"மூணு தடவை, டாக்டர். நேரம் தவறாம."

"மருந்து?"

"மூணு வேளையும்."

"அப்ப இதையே தொடருங்க. ஜூலையில பாக்கலாம். நோட்டை மறக்காதீங்க."

நேற்று முன்தினம் குளியலறை வாஷ்பேசினில் எறும்பு. ஒன்றிரண்டு அல்ல, ஓட்டைக்குள்ளிருந்து சுவர் வரை கறுப்பாக ஒரு கோடு. விரலால் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசு என்று ஒட்டியது. மோந்து பார்த்தேன். சிரப். அண்ணா, நான் வேனில் இருக்கும்போது காலை வேளை மருந்தையும் மாலை வேளை மருந்தையும் அளந்து ஊற்றி, பேசினில் கொட்டியிருக்கிறாள். பாட்டில் கணக்காகக் குறைந்துவந்ததால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. எத்தனை மாதமாக என்று தெரியவில்லை. மூன்று நாளுக்கு ஒருமுறைகூட அவளுக்கு வயிறு கழியவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

ஏன் என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "தம்பிக்குத் தெரியும். எழுதியிருக்கேன்."

உங்களுக்குத் தெரிந்ததை நான் எழுத வேண்டாம்.

இப்போது மூன்று வேளையும் என் கையாலேயே கொடுக்கிறேன். மாலை நடைக்கு இன்னொரு ஓட்டுநரைப் பிடித்துவிட்டேன். நோட்டை அனுப்புங்கள். எழுதவைத்துப் பார்த்தால்தான் எவ்வளவு தெளிகிறாள் என்று தெரியும்.

தங்கை

ஏப்ரல் 8

தங்கைக்கு,

உன் உடல்நலம் பற்றிய தகவல் உன் கடிதத்தில் இல்லை. நாங்கள் நலம்.

அறிக்கை முடிந்தது. பதினொரு பக்கம். முடிவை மட்டும் தருகிறேன்: நவம்பர் 22 வரையிலான வரிகள் ஐயத்துக்கு இடமின்றி அக்காவுடையவை. அதன் பின்னுள்ளவை வேறொருவர் அவளுடைய கையைப் பார்த்து வரைந்தவை.

உன் கடைசிக் கடிதம் இதை உறுதிப்படுத்துகிறது. பல மாதங்களாக அவளுக்கு மருந்து போய்ச் சேரவில்லை என்று நீயே உன் கையால் எழுதித் தந்திருக்கிறாய். மருந்து கொடுக்கப்படாததை மறைக்கவே அந்த வரிகள் புனையப்பட்டன. எறும்புக் கதை பிறகு வந்தது. எனக்கு எல்லாம் தெரியும் என்று அக்கா சொன்னதாகச் சொல்வதற்கு எந்த ஆதாரமும் இல்லை. எனக்கு எதுவும் தெரியாது. எவரும் எதையும் எனக்குத் தெரிவிக்கவில்லை.

இந்நிலையில் அவளை உன் பொறுப்பில் விட்டுவைக்க இயலாது. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் ஒரு காப்பகத்தைப் பார்த்துப் பேசி முடித்துவிட்டேன். தனி அறை. கழிவறை அறையோடு சேர்ந்தது. கட்டிலிலும் நாற்காலியிலும் நீர் புகாத விரிப்பு உண்டு. உடையையும் படுக்கையையும் அசுத்தப்படுத்துபவர்களைக் கையாளப் பழகிய பணியாளர்கள் இருக்கிறார்கள். மற்றவர் வீட்டில் யாருக்கும் சங்கடம் நேராது. மே 2 அன்று வண்டியோடு வந்து அழைத்துச் செல்வேன்.

உனக்கு ஆட்சேபம் இருந்தால் ஏப்ரல் 20-க்குள் எழுத்தில் தெரிவி.

அண்ணன்

ஏப்ரல் 20

தங்கைக்கு,

நலம். கெடு இன்றோடு முடிகிறது. பதில் இல்லை.

17-ஆம் தேதி, நான் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்துக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குத் தொலைபேசி செய்து உன் அண்ணியிடம் "பேசணும்னு சொல்லுங்க" என்று மட்டும் சொன்னாயாம். தொலைபேசி வேண்டாம் என்று பிப்ரவரியிலேயே எழுதியிருக்கிறேன். சொல்ல இருப்பதை எழுது.

அண்ணன்

மே 4

அண்ணா,

நான் இருக்கிறேன்.

உன் ஏப்ரல் 20 கடிதம் 24-ஆம் தேதி வந்தது. நீ வந்து, ஓரமாக நின்று, யாரிடமும் பேசாமல் ஊர் திரும்பிய மறுநாள். எழுதச் சொன்னாய். எழுதுகிறேன்.

என் கையால் மருந்து கொடுக்கத் தொடங்கியதும் மூன்றாம் நாளே பெரியக்கா தெளிய ஆரம்பித்தாள். முதலில் தூக்கம் நேரானது. பிறகு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். ஏப்ரல் முதல் வாரத்தில் ஒரு நாள் காலை குளியலறையிலிருந்து குரல் வந்தது: "பயணிகள் கவனத்திற்கு! நெடுநாள் நின்றுபோயிருந்த வண்டி இன்று முதல் மீண்டும் இயக்கப்படுகிறது!" பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார். நான் அடுப்படியில் நின்று அழுதேன்.

12-ஆம் தேதி நான் காலை நடையில் இருந்தபோது உன் ஏப்ரல் 8 கடிதம் வந்திருக்கிறது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் தனக்குத்தான் என்று பிரித்துவிட்டாள். கடைசியில் தம்பி பதில் போட்டுவிட்டான் என்று நினைத்திருப்பாள். நான் வந்தபோது கடிதம் மடியில் இருந்தது. மார்ச்சில் என்றால் அதில் ஒரு சொல்கூட அவளுக்கு விளங்கியிருக்காது. மருந்து வேலை செய்திருந்தது. அதனால் முழுதும் படிக்க முடிந்தது.

"நீர் புகாத விரிப்பாம்டி" என்றாள். அன்று மதியம் மருந்துக் குவளையை நீட்டினேன். உதட்டை மூடிக்கொண்டாள். கெஞ்சினேன், திட்டினேன், மூக்கைப் பிடித்தேன். "வேணாம் குட்டி. இனிமே யார் வீட்டையும் அசிங்கப்படுத்த மாட்டேன்" என்றாள். ஐந்து நாள். ஐந்தாம் நாள் காலை எழுப்பினேன், எழவில்லை. மருத்துவமனையிலிருந்துதான் உன் வீட்டுக்குப் பேசினேன். அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. குடலிலிருந்து ஏறிய நஞ்சு மூளை முழுதும் நிறைந்துவிட்டது என்றார் மருத்துவர். பிறகு நெஞ்சில் சளி. 22-ஆம் தேதி முடிந்தது. "நோட்டு கைக்கு வந்திருந்தா மார்ச்லயே புடிச்சிருப்பேனேம்மா" என்றார்.

பிப்ரவரிக் கடிதத்தில் பாதியில் நிறுத்தியதை இப்போது முடிக்கிறேன். விருந்தன்று சோபாவில் அப்படி ஆனதும் அவளைப் பின்னறைக்குக் கூட்டிப்போய்க் கழுவி, உடை மாற்றினேன். திரும்பி வரும்போது கதவுக்கு அந்தப் பக்கம் நீ அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தாய். "அடுத்த தடவை அவ உக்கார்ற இடத்துல ஒரு பிளாஸ்டிக்கை விரிச்சு வை. இல்லேன்னா கூப்பிடாதே." பெரியக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். நீ பேசி முடித்து நகரும்வரை இருவரும் இருட்டில் நின்றோம். பிறகு அவள் போய் உன் விருந்தினர் ஏட்டில் எழுதினாள்.

நீ எல்லாவற்றையும் படித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவனைப் போல என் மேல் பழி போடுகிறாய் என்றுதான் இத்தனை மாதமும் நினைத்தேன். அதனால்தான் கோபத்தில் சுருக்கமாகவே எழுதினேன். "எவரும் எதையும் எனக்குத் தெரிவிக்கவில்லை" என்று நீ எழுதியிருந்ததை நேற்று மறுபடி பார்த்தபோது முதல் முறையாக ஒரு பயம் வந்தது.

அண்ணா, நீ அந்த நோட்டைப் பார்த்தாய். எனக்குத் தெரியும். படித்தாயா?

குட்டி

மே 19

குட்டிக்கு,

இல்லை.

உன் கடிதம் வந்து பதினொரு நாளாகிறது. இரண்டாண்டுத் தாள்களையும் நோட்டையும் மேசையில் வைத்து, பூதக்கண்ணாடியை இழுப்பறைக்குள் பூட்டிவிட்டு, முதல் வரியிலிருந்து படித்தேன். ஒவ்வொரு தாளையும் பத்துக்கு மேற்பட்ட முறை கையில் எடுத்தவன் நான். எங்கள் வேலையில் ஆவணம் என்ன சொல்கிறது என்று பார்க்கக்கூடாது. சொல்வது கண்ணைத் திசைதிருப்பும் என்று கற்பிப்பார்கள். புதிதாகச் சேர்பவர்களுக்கு நானே அதைக் கற்பிக்கிறேன்.

சிலவற்றைத் தேதியோடு படியெடுத்துத் தருகிறேன். இவற்றை நீ பார்த்ததில்லை. அவள் கையால் மறைத்துக்கொண்டாள்.

1. சென்ற ஆண்டு ஜூன் 2: "இன்று வண்டி மூன்றும் நேரத்துக்கு வந்தன. பூதக்கண்ணாடிக்கு வயிறு எப்படி?"

2. அக்டோபர் 20: "தம்பி, சோபாவில் வெந்நீர் ஊற்றச் சொல்லாதே. பச்சைத் தண்ணீர்தான் கறையை எடுக்கும்."

3. நவம்பர் 3: "கறை போயிற்றா? ஒரு வரி எழுது."

4. நவம்பர் 22: "மருந்தைக் கொட்டிவிடுகிறேன். இப்போது எங்கே வேண்டுமானாலும் தைரியமாக உட்காரலாம். குட்டியிடம் சொல்லாதே, திட்டுவாள். உன் வீட்டுக்கு வரலாமா?"

5. டிசம்பர் 8: "க றை போச்சா."

6. டிசம்பர் 27: "தம்பி படிக்கிறான்."

7. பிப்ரவரி 23: "கறை."

8. மார்ச் 2: "தம்பி."

நான்காவது வரியை மட்டும் மறுபடி பார். ஐயத்துக்கு இடமின்றி அவளுடையது என்று நானே சான்றளித்த கடைசி வரி அது. அதை டிசம்பர் 5 முதல் வைத்திருந்தேன். மார்ச் 12 அன்று அது மருத்துவரின் கையில் இருந்திருக்க வேண்டும். என் இழுப்பறையில் இருந்தது.

விருந்தினர் ஏட்டையும் எடுத்துப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுவிட்டு வந்து அவள் எழுதியது: "உன் கண் ஒருநாளும் தவறாமல் இருக்கட்டும், தம்பி."

பதினொரு பக்க அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன். எல்லா வரிகளும் அவளுடையவை. பேனா அழுத்தம் ஏன் ஒத்திருக்கிறது என்று விளக்கம் தேடிக்கொண்டிருந்தேன் அல்லவா? அதற்கு விளக்கம் தேவையில்லை. உன் மேல் சுமத்திய குறைகள் நான்கும் பொய். மை திரண்ட இடங்களில் அவள் அடுத்த எழுத்து எது என்று தேடிக்கொண்டிருந்தாள். பேனா தூக்கிய இடங்களில் சொல் மறந்து நின்றிருக்கிறாள். நோயின் நடுக்கத்தைப் பொய்யின் நடுக்கம் என்று சான்றளித்தவனை நீதிமன்றம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். பணிவிலகல் கடிதம் கொடுத்துவிட்டேன். அது உனக்கு எந்த ஈடும் ஆகாது. தகவலுக்காகச் சொல்கிறேன்.

அவள் கேட்டதற்குப் பதிலும் சொல்லிவிடுகிறேன், கேட்டவள் இல்லாவிட்டாலும். சோபாவில் கறை இல்லை. உறையில்தான் பட்டிருந்தது. ஒருமுறை துவைத்ததிலேயே, அக்டோபர் 19 காலையிலேயே, போய்விட்டது. அதே உறைதான் இப்போதும் இருக்கிறது. இதை எழுதும்போது அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கிறேன். இதைச் சொல்ல ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

இரண்டாண்டுகளில் அவள் எனக்கு அறுநூறுக்கும் மேற்பட்ட வரிகள் எழுதியிருக்கிறாள். நான் ஒன்றும் எழுதவில்லை.

உன் உடல்நலம் எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? மாலை நடையை மறுபடி எடுத்துக்கொண்டாயா? நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அதில் மார்ச் 3 முதல் பக்கங்கள் வெறுமையாக உள்ளன. நான் நிறுத்தச் சொன்ன நாள் முதல்.

ஜூன் 10-க்குள் எழுத்தில் பதில் தேவை. ஒரு வரி போதும். திட்டி எழுது, இனி எழுதமாட்டேன் என்றே எழுது. அதற்குமேல் கேட்க எனக்குத் தகுதியில்லை. எழுத்து எப்படியிருந்தாலும் நான் பார்க்கமாட்டேன். படிப்பேன்.

அண்ணன்